பின் பிரேக் பேட் 14,000 கி.மீ.யில் தீர்ந்துவிட்டது, முன் பேட் பாதிகூடத் தேயவில்லை. ஏன்?

வேப்பமரத்தடி (திருநகர்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 2019 மாடல் பெட்ரோல் செடான். மேனுவல் கியர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க். ஹேண்ட் பிரேக் கையால் இழுக்கிறதுதான், பட்டன் கிடையாது. இதுவரை 40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 26,000-ல் பின் பேட் முடிந்துவிட்டது என்று சர்வீஸில் மாற்றினார்கள். அப்போது நான் எதுவும் கேட்கவில்லை. போன வாரம் பின்னாலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். கொண்டுபோய்க் காட்டினால் மறுபடியும் பின் பேட் என்கிறார்கள். மாற்றி 14,000 கி.மீ.தான் ஆகிறது. முன் பேட் வண்டியோடு வந்ததே இன்னும் 6 மி.மீ. இருக்கிறதாம்.

பிரேக் அடித்தால் பாரம் முன்பக்கம்தான் சாயும், பெரிய வேலை முன் பிரேக்குக்குத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படியானால் பின்னது ஏன் முதலில் தீர வேண்டும்? சர்வீஸ் ஆலோசகர் "டவுன் டிராபிக் சார், உங்க டிரைவிங் அப்படி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தினமும் பழங்காநத்தம், பெரியார் வழியாகக் கோரிப்பாளையம் போய் வருகிறேன், டிராபிக் உண்டுதான். ஆனால் அதே டிராபிக்கில்தானே முன் பேடும் ஓடுகிறது?

இன்னொரு கவலையும் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு அக்கா குடும்பம் வருகிறது. அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் எல்லோரும் கொடைக்கானல் போவதாகப் பேச்சு. ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். காரணம் தெரியாமல் பேடை மட்டும் மாற்றிக்கொண்டு மலையேற எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்னும் மாற்றவில்லை, வண்டி வீட்டில் நிற்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கூடல்_வண்டி (கூடல்நகர்)

எனக்கும் 31,000-ல் பின் பேட் போனது. இப்போது வருகிற வண்டிகள் நிறைய இப்படித்தான், பயப்படாதீர்கள். மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

நான்கு_வழிச்சாலை (கே.கே. நகர்)

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் தெளிவாகும்.

முதலாவது, பின் பேட் முன் பேடுக்குச் சமமாகவோ கொஞ்சம் முன்னதாகவோ தீர்வது. இது பழுது ஆகாது. அந்தக் காலத்து வண்டிகளில் பின் சக்கரம் வழுக்கிவிடக் கூடாது என்று, பின்னால் போகிற பிரேக் ஆயில் அழுத்தத்தை ஒரு வால்வு குறைத்தே வைத்திருக்கும். அதனால் பின் பிரேக் எப்போதும் பாதி வேலைதான் பார்த்தது. இப்போது ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கிற அமைப்பு) சென்சார் நான்கு சக்கரத்தின் வேகத்தையும் தனித்தனியாகக் கணக்கெடுக்கிறது. பின் சக்கரம் வழுக்கத் தொடங்கும்வரை அதற்கும் நல்ல அழுத்தம் தரலாம், வழுக்கினால் உடனே குறைத்துக்கொள்ளலாம். ஈபிடி என்பது இதுதான். இந்த வசதி இருப்பதால் மெதுவாக மிதிக்கும்போது பின் பிரேக்குக்கு முன்னைவிடத் தாராளமாகவே பங்கு கொடுக்கிறார்கள். வண்டி மூக்கைக் குத்தாமல் அமைதியாக நிற்கும். நீங்கள் சொன்ன 'பெரிய வேலை முன் பிரேக்குக்கு' என்பது அழுத்தி மிதிக்கும்போது முழுக்க உண்மை. பெரியார் பக்கத்தில் நாம் நாள் முழுக்க மிதிப்பதோ மெல்லிய மிதி. அப்புறம், பின் பேட் புதிதாக இருக்கும்போதே சின்னது. அநேகமாக முன்னது 11 மி.மீ. என்றால் பின்னது 9 மி.மீ. அளவில்தான் இருக்கும்.

இரண்டாவது, முதல் செட் 26,000 ஓடியிருக்க அடுத்த செட் அதில் பாதியிலேயே தீர்வது. இதற்கு ஈபிடியைக் காரணம் சொல்ல முடியாது. அதே ஆள், அதே ரோடு, அதே ஈபிடி. நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அதைத்தான் தேட வேண்டும்.

பட்டறை_வாசல் (செக்கானூரணி)

மேலே சொன்னவர் சரியாகச் சொல்லிவிட்டார். நான் 22 வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். அண்ணே, ஒன்று கேட்கிறேன். கழற்றின பழைய பேடை உங்கள் கண்ணில் காட்டினார்களா? நான்கு பேட் இருந்திருக்கும். நான்கும் ஒரே அளவில் தேய்ந்திருந்ததா, ஒன்று மட்டும் தேய்ந்திருந்ததா? அது தெரியாமல் யாராலும் காரணம் சொல்ல முடியாது. 'பின் பேட் போச்சு' என்று மொத்தமாகச் சொன்னால் அதில் ஒரு தகவலும் இல்லை.

நான்கும் சமமாகத் தேய்ந்திருந்தால் ஓட்டுகிற முறை, ஈபிடி, பேடின் தரம் என்று பேசலாம். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்துக் காலிப்பரிலோ (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற பாகம்) ஹேண்ட் பிரேக் கேபிளிலோ கோளாறு. ஒரே சக்கரத்தில் உள் பேட் கரைந்து வெளிப் பேட் நன்றாக இருந்தால் கைடு பின் (காலிப்பர் வழுக்கி நகர்வதற்கான கம்பி) இறுகியிருக்கும், இல்லை பேடைத் தள்ளுகிற பிஸ்டன் திரும்பப் போகாமல் நிற்கும். பேட் ஒரு முனையில் தடித்து மறு முனையில் ஆப்பு மாதிரி மெலிந்திருந்தால் இரண்டு கைடு பின்னில் ஒன்று மட்டும் ஜாம்.

கீச் சத்தம் வருகிறது என்றால் பேடில் இருக்கிற சின்னத் தகடு டிஸ்க்கைத் தொட்டுவிட்டது. 2 மி.மீ. பக்கம் வந்துவிட்டது என்று அது சொல்கிறது. நிதானமாக ஒரு சின்ன ஓட்டம் ஓட்டிப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மிதித்தால் இரும்பு உரசுகிற கரகரப்பு வந்தால் அதுவும் வேண்டாம், அங்கேயே நிறுத்துங்கள்.

விடியற்காலை ஆளில்லாத ரோட்டில் ஏழெட்டு கி.மீ. பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டுங்கள். நிறுத்தும்போதும் கியரைக் குறைத்துத் தானாக நிற்க விடுங்கள். இறங்கி நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், சுட்டுவிடும். எந்தச் சக்கரம் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதோ அது பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

ஆறாம்_கியர் (விளாங்குடி)

இவ்வளவு பெரிய ஆராய்ச்சி தேவையா என்று நினைக்கிறேன். சர்வீஸில் சொன்னதுதான் உண்மை. நிறையப் பேர் அரை கிளட்ச்சும் அரை பிரேக்குமாகத்தான் ஓட்டுகிறார்கள். மேம்பாலத்தில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு முழுதாக விடாமல் கிளம்புகிறார்கள். என் வண்டி 48,000 ஓடிவிட்டது, பின் பேட் இன்னும் இருக்கிறது. ஓட்டும் முறைதான் எல்லாம்.

வேப்பமரத்தடி (திருநகர்)

பட்டறை அண்ணனுக்கு நன்றி. பழைய பேடை நான் கேட்கவும் இல்லை, அவர்கள் காட்டவும் இல்லை. அது என் தவறுதான்.

இன்று காலை 5 மணிக்குக் கப்பலூர் பக்கம் வரை போய் வந்தேன். கரகரப்பு எதுவும் இல்லை. திரும்பி வந்து வீட்டு வாசலில் பிரேக்கைத் தொடாமலே நிறுத்தினேன். முன் சக்கரம் இரண்டும் லேசான வெதுவெதுப்பு. பின் வலது அதே அளவு. பின் இடது பக்கம் கையைக் கொண்டுபோனதும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த மாதிரி அடித்தது. அப்பாவையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன், அவருக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆறாம்_கியர் நண்பருக்கு: ஹேண்ட் பிரேக்கை விடாமல் ஓட்டினால் மீட்டரில் சிவப்பு விளக்கு எரியும், ஒலியும் வரும். ஒருநாளும் அப்படி ஓட்டியதில்லை. என் ஓட்டும் முறைதான் காரணம் என்றால் இடது பக்கத்தை மட்டும் ஏன் சுட வேண்டும்?

பட்டறை_வாசல் (செக்கானூரணி)

நல்லது, பாதி வேலை முடிந்தது. இன்னொரு கேள்வி அண்ணே. வண்டி எப்போதாவது ஹேண்ட் பிரேக் போட்டபடி ரொம்ப நாள் நின்றதா? விளக்கு அணைந்துவிட்டது என்றால் வண்டிக்குள்ளே நீங்கள் இழுக்கிற கம்பு கீழே இறங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். அந்த விளக்குக்கு ஸ்விட்ச் கம்புக்கு அடியில் இருக்கிறது, சக்கரத்தில் இல்லை. கேபிள் பாதியில் சிக்கிக்கொண்டு நின்றால் அதற்குத் தெரியாது.

வேப்பமரத்தடி (திருநகர்)

அண்ணே, இதைப் படித்ததும் சட்டென்று நினைவு வந்தது. 2020 ஊரடங்கில் மார்ச் கடைசியிலிருந்து இரண்டு மாதத்துக்கு மேல் வண்டி அசையவே இல்லை. வாசலில் வேப்பமரத்தடியில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துப் போட்டு நிறுத்தியிருந்தேன். கோடை மழை இரண்டு தடவை பெய்தது. முதல் நாள் எடுக்கும்போது பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம் வந்து அப்புறம்தான் உருண்டது. துரு பிடித்திருக்கும், போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் போர் தண்ணீர், நல்ல உப்பு. அதில்தான் வாராவாரம் சக்கரத்துக்கு உள்ளே எல்லாம் அடித்துக் கழுவுவேன். கழுவி முடித்ததும் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திவிடுவேன்.

மலைவழி_ஓட்டுநர் (உசிலம்பட்டி)

தம்பி, நான் ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர். மலைப் பாதையில் பல வருஷம் ஓட்டியவன். பட்டறைத் தம்பி சொல்வதை அப்படியே செய்யுங்கள், சக்கரத்தைக் கழற்றாமல் மலைக்குப் போகாதீர்கள். சமவெளியில் ஒரு சக்கரம் சூடாக ஓடினால் பேட் போகும், பெட்ரோல் போகும், அவ்வளவுதான். மலையில் அப்படி இல்லை. இறங்கும்போது ஏற்கெனவே சூடாக இருக்கிற சக்கரம் இன்னும் சூடேறும். உள்ளே இருக்கிற ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். டம்டம் பாறை வளைவில் அது நடந்தால் என்ன செய்வீர்கள்? பேருந்தில் எனக்கு முன்னால் போன ஒரு காரில் அப்படி ஆகி, ஓட்டியவர் சாதுரியமாக மண் சரிவில் ஏற்றி நிறுத்தியதை நேரில் பார்த்தவன் நான். உள்ளே இரண்டு குழந்தைகள் இருந்தன.

நான்கு_வழிச்சாலை (கே.கே. நகர்)

ஐயா சொல்வதற்குக் கணக்கும் துணை நிற்கிறது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். அங்கிருந்து காட்ரோடு அடிவாரம் வரை 1,700 மீட்டர் அளவுக்கு இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள வண்டி அந்த உயரத்தை விட்டு இறங்கும்போது வெளிவருகிற ஆற்றல் கிட்டத்தட்ட 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு கிலோவாட் இஸ்திரிப் பெட்டியை ஏழு மணி நேரம் விடாமல் எரித்தால் எவ்வளவு சூடோ அவ்வளவு. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை வாங்குவது இன்ஜினா பிரேக்கா என்பதை நாம் போடுகிற கியர்தான் முடிவு செய்கிறது.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவுகோல் 155 டிகிரிதான். 2019-ல் ஊற்றிய ஆயிலே இன்னும் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

வேப்பமரத்தடி (திருநகர்)

பிரித்தாயிற்று. பசுமலையில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். காலையிலிருந்து கூடவே நின்றேன். கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், வேறு யாருக்காவது பயன்படும்.

முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். வலது சக்கரத்தைக் கையால் சுற்றினால் இரண்டு சுற்று சுற்றி நின்றது. இடது அரைச் சுற்றுகூடப் போகவில்லை, மாவாட்டுகிற மாதிரி இறுக்கம்.

கழற்றி நான்கு பேடையும் வரிசையாகச் சாக்கின் மேல் வைத்தார். வலது உள் பேட் 5 மி.மீ., வெளி பேட் 5.5 மி.மீ. இடது வெளி பேட் 6 மி.மீ. இடது உள் பேட் 2 மி.மீ., அதுவும் கீழ் முனையில் அதைவிடக் குறைவு. ஆக, சர்வீஸில் 'பின் பேட் தீர்ந்தது' என்று சொன்னது ஒரே ஒரு பேடைப் பற்றித்தான். மற்ற மூன்றும் பாதிக்கு மேல் இருந்தன. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த வருத்தம் கொஞ்சமல்ல. யாராவது ஒருவர் இந்த நான்கையும் வரிசையாக வைத்து ஒரு தடவை பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அடுத்துக் காலிப்பர். மேல் கைடு பின் வழுவழுவென்று நகர்ந்தது. கீழ்ப் பின்னை ஸ்பேனர் போட்டுத் திருகித்தான் எடுக்க முடிந்தது. அதை மூடியிருக்கிற ரப்பர் உறை (பூட்) ஊதிப் போய், உள்ளே கறுப்பாகப் பிசின் மாதிரி இருந்தது. "இது வீல் பேரிங்குக்குப் போடுகிற சாதாரண கிரீஸ், இதைப் போட்டால் ரப்பர் வீங்கும்" என்றார். முதல் தடவை பேட் மாற்றியபோது யாரோ கையில் கிடைத்ததைத் தடவியிருக்கிறார்கள். அதனால் இந்தச் செட் சீக்கிரம் போயிருக்கிறது.

பிறகு என்னை உள்ளே உட்கார வைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்து விடச் சொன்னார். வலது காலிப்பரில் இருக்கிற சின்ன நெம்புகோல் முழுதாகத் திரும்பி அதன் தடுப்பில் 'டிக்' என்று உட்கார்ந்தது. இடது பக்கம் சுண்டுவிரல் நுழைகிற அளவு இடைவெளி விட்டு நின்றுவிட்டது. கேபிளை உருவிப் பார்த்தால் உறைக்குள் துரு. ஊரடங்கில் பிடித்த துரு இதுவாகத்தான் இருக்க வேண்டும். முதல் செட்டும் இதனால்தான் 26,000-ல் போயிருக்கும் என்பது என் எண்ணம், அந்தப் பேட் கையில் இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

டிஸ்க்கை அளந்து பார்த்தார். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது, அதைவிட அதிகமாக இருந்ததால் அப்படியே விட்டார்.

மாற்றியது: இடது ஹேண்ட் பிரேக் கேபிள், இரண்டு பக்கமும் கைடு பின், பூட் செட், நான்கு பேட், பிரேக் ஆயில் முழுக்க. கைடு பின்னுக்கு பிரேக்குக்கென்றே வருகிற சிலிகான் கிரீஸ் மட்டும்.

பட்டறை_வாசல் (செக்கானூரணி)

மனசுக்கு நிறைவாக இருக்கிறது அண்ணே. ஒன்று மட்டும் சொல்லுங்கள், பிஸ்டனை எப்படி உள்ளே தள்ளினார்? ஹேண்ட் பிரேக்கோடு சேர்ந்த காலிப்பரில் உள்ளே மரை இருக்கும். சுற்றித்தான் ஏற்ற வேண்டும். முன் காலிப்பர் மாதிரி சி கிளாம்ப் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கிற மரை கெட்டு, மறுபடியும் இதே கதை வரும்.

வேப்பமரத்தடி (திருநகர்)

சுற்றித்தான் ஏற்றினார் அண்ணே. இரண்டு பல் உள்ள தனிச் சாமான் வைத்திருக்கிறார். ஏற்றுவதற்கு முன்னால் ஆயில் டப்பாவைத் திறந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டார், பொங்கி வழிந்தால் பெயின்ட் போய்விடும் என்று. கடைசியில் பிஸ்டனில் இருக்கிற பள்ளம் பேடின் முளைக்கு நேராக வந்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் மூடினார்.

வைகை_வடகரை (செல்லூர்)

என் வண்டியில் பட்டன் ஹேண்ட் பிரேக். அதற்கும் இதே முறைதானா? நானே வீட்டில் பேட் மாற்றலாம் என்று பார்க்கிறேன்.

பட்டறை_வாசல் (செக்கானூரணி)

பட்டன் வகையில் நேரடியாகக் கை வைக்காதீர்கள் சார். காலிப்பர் முதுகில் மோட்டார் இருக்கும். முதலில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோய் அந்த மோட்டாரைப் பின்னால் இழுக்கச் சொல்ல வேண்டும், பெரும்பாலும் ஸ்கேனர் தேவைப்படும். சரியாகச் செய்யாமல் பிஸ்டனை அழுத்தினால் மோட்டார் கெட்டுப் போகும். நீங்கள் விரலை வைத்திருக்கும்போது அதுவாகப் பிடித்தால் விரல் போய்விடும்.

வேப்பமரத்தடி (திருநகர்)

கொடைக்கானல் போய் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். ஓட்டுநர் ஐயா சொன்னதை மனதில் வைத்து, எந்தக் கியரில் ஏறியதோ அதே கியரில்தான் இறங்கினேன், பெரும்பாலும் இரண்டாவது. நீளமாகக் காலை வைத்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் ஒரு தடவை நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட்டேன். வழியில் ஊத்து என்ற ஊர்ப் பக்கம் நிறுத்தி டீ குடித்தபோது நான்கு சக்கரத்துக்கும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பின் இடதும் வலதும் ஒரே சூடு. அக்காவின் பெண் பக்கத்தில் நின்று "மாமா, கார் காய்ச்சலா" என்று கேட்டாள்.

மலைவழி_ஓட்டுநர் (உசிலம்பட்டி)

சந்தோஷம் தம்பி. டீ குடிக்க நிறுத்தும்போது சூடான பிரேக்கில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போடாதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துங்கள். கிளம்பும்போது கல்லை எடுத்து ஓரமாகப் போட மறக்கக் கூடாது, பின்னால் இரண்டு சக்கர வண்டியில் வருகிறவர் விழுவார்.

வேப்பமரத்தடி (திருநகர்)

ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன். பேட் மாற்றி 5,200 கி.மீ. ஆகிறது. நேற்று சக்கரத்தைக் கழற்றி அளந்தோம். புதிதாக 9 மி.மீ. இருந்தவை. இடது உள் 8.1, வெளி 8.2. வலது இரண்டும் 8.2. கணக்குப் போட்டால் இந்தச் செட் 40,000 தாண்டும் போலிருக்கிறது. ரோடும் நானும் மாறவில்லை. பெட்ரோலும் லேசாக மிச்சமாகிறது, ஆனால் அதைச் சரியாக அளக்கவில்லை.

இப்போது கழுவியதும் ஒரு தெரு சுற்றி வந்து, பிரேக்கை நான்கைந்து தடவை மிதித்துக் காயவைத்துவிட்டுத்தான் நிறுத்துகிறேன். ஊருக்குப் போனால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் விட்டுவிடுகிறேன்.

ஆறாம்_கியர் (விளாங்குடி)

முன்பு ஓட்டும் முறைதான் காரணம் என்று அடித்துச் சொன்னவன் நான். இந்த இழையைப் படித்துவிட்டு டயர் மாற்றும்போது என் வண்டியையும் பார்க்கச் சொன்னேன். வலது பின் சக்கரத்தில் உள் பேட் 3 மி.மீ., வெளி பேட் 6 மி.மீ. சத்தம் எதுவும் வரவில்லை என்பதால் தெரியாமலே ஓட்டிக்கொண்டிருந்தேன். தவறாகப் பேசியதற்கு மன்னிக்கவும். பூட் செட் மட்டும் தனியாகக் கிடைக்குமா, காலிப்பரோடுதான் வாங்க வேண்டுமா?

வேப்பமரத்தடி (திருநகர்)

தனியாகக் கிடைக்கும் நண்பரே. பழைய பூட்டையும் பின்னையும் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள், பல வண்டிகளில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒரே மாதிரி இருக்காது. வலதோடு இடதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.